காரணம் சொல்லப்படாத நிராகரிப்புகள்

தேர்வானவர்களின் பட்டியல் இணையத்தில் வெளியாகி மூன்று நாள் ஆகியிருந்தது. அதில் என் பதிவெண் இல்லை. மூன்றாம் நாள் இரவு ஊரிலிருந்து அப்பா அழைத்தார்.

“லிஸ்ட்டு வந்துச்சாம்மா?”

“இன்னும் வரலப்பா.”

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. “சரி, சாப்ட்டு படு” என்று வைத்துவிட்டார். எனக்கு 32 வயது. விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு காலனியிலிருந்து முதுகலை முடித்த முதல் பெண். ஐந்தாண்டுகள் ஒரு தனியார் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் வரலாறு கற்பித்தேன். பிறகு வேலையை விட்டு முழுநேர ஆய்வுக்கு வந்தேன். ஆய்வேட்டைச் சமர்ப்பித்து வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கிறேன். ஆய்வு உதவித்தொகை போன ஜூனோடு முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருத்தி வேலை கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொல்ல ஏன் வெட்கப்படவேண்டும்? அந்த இரவு முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அங்கிருந்து வருகிறது.

இரண்டு ஆண்டுகளில் ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஒன்பதிலும் கிடைக்கவில்லை. இவற்றில் ஒன்றிலிருந்துகூட ‘உங்களைத் தேர்வு செய்யவில்லை, காரணம் இது’ என்று ஒரு வரி வந்ததில்லை. அரசு சார்ந்த இடமென்றால் ஒரு பிடிஎஃப் வரும், அதில் நம் எண் இருக்காது. தனியார் என்றால் அதுவும் வராது. இரண்டு வாரம், மூன்று வாரம் போன பிறகு நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

காரணம் சொல்லாமல் விடும்போது என்ன நடக்கிறது என்றால், அந்தக் காரணத்தைத் தேடும் வேலை நம் தலையில் விழுகிறது. இரவு பதினொரு மணிக்கு மேல் எனக்குள் ஒரு விசாரணை தொடங்கும். அந்தக் கேள்விக்கு வேறு மாதிரிப் பதில் சொல்லியிருக்கலாமோ? ஆங்கிலம் தடுமாறியதோ? அந்தச் சேலையில் போயிருக்கக் கூடாதோ? என் சாதிச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தபோது அவர் ஏன் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார்? இந்த விசாரணை இரண்டு தீர்ப்புகளில் ஒன்றில்தான் போய் முடியும். ஒன்று, எனக்குத் தகுதியில்லை. இன்னொன்று, எல்லாம் சாதிதான். முதல் தீர்ப்பு என்னைத் தின்றுவிடும். இரண்டாவது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் கையில் ஆதாரம் எதுவும் இல்லாததால் காலையில் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

இந்தச் சந்தேகம் வெறும் மனப்பிரமை என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் ஏற்கெனவே இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரியான கல்வித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். 66 வாரங்கள், 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். நேர்காணலுக்கு அழைப்பு வருவதில் உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதி ஒன்றுதான் முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்பது இயல்பானது, தேவையானது என்றும் சொன்னார்கள். அஷ்வினி தேஷ்பாண்டேயும் நியூமனும் டெல்லியில் பல்கலைக்கழக மாணவர்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வில், அந்தக் குடும்பப் பின்னணிக் கேள்விக்கு முன்னால் தலித் மாணவர்கள் எப்படிக் கூசிப்போகிறார்கள் என்பது பதிவாகியிருக்கிறது.

எனக்கு அந்தக் கேள்வி தமிழில் வந்தது. மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு தனியார் கல்லூரி. பாடம் சார்ந்து இரண்டு கேள்வி கேட்டார்கள். பிறகு செயலர் கேட்டார்: “சொந்த ஊர் எதும்மா?” சொன்னேன். “ஊர்லயா, காலனியிலயா?” அதையும் சொன்னேன். “நல்லதும்மா, சொல்லி அனுப்புறோம்.” இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

ஆனால் அந்த ஆய்வுகள் சொல்வது மொத்தக் கணக்கு. நூறு பேரில் எத்தனை பேருக்கு இது நடக்கிறது என்று அவை சொல்லும். என்னுடைய ஒன்பதில் எது அப்படி நடந்தது என்று சொல்லாது. இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. எல்லா நிராகரிப்பையும் ஒரே சொல்லில் விளக்கிவிடுவது நமக்கு உதவாது. அந்தச் சொல் உண்மையானதாக இருந்தாலும் உதவாது. எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, எது தள்ளினால் திறக்கும் என்று பிரித்துப் பார்க்க அது விடாது.

அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். ஒன்பது விண்ணப்பங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் எனக்குத் தெரிந்தது என்ன, கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியது என்ன என்று எழுதினேன். பொது நிறுவனங்களுக்கெல்லாம் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போட்டேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, ஒரு வெள்ளைத்தாள், பதிவுத் தபால். 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. தேர்வெழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சில பதில்கள் வந்தன, சில மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்தன. தனியார் இடங்களில் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன்.

ஒன்பதும் நான்கு பிரிவுகளாகப் பிரிந்தன.

இரண்டு இடங்களில் தேர்வானவர் என்னைவிடத் தகுதியானவர். அவர்களுடைய கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். ஒருவர் செய்திருக்கும் ஆவணக்காப்பக வேலையைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. நான் அந்தக் குழுவில் இருந்திருந்தாலும் அவரைத்தான் எடுத்திருப்பேன். இதை ஒப்புக்கொண்டபோது வலிக்கும் என்று நினைத்தேன். வலிக்கவில்லை. நியாயமாகத் தோற்றால் தூக்கம் வருகிறது.

ஒரு இடத்தில் நான் சரியாகத் தயாரித்துப் போகவில்லை. என் சொந்த ஆய்வு முறையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கே உளறினேன். அது என் மீது.

மூன்று இடங்களில் விஷயம் தாளில் இருந்தது. ஒன்றில் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மதிப்பெண் அதிகம், என்னிடம் பட்டம் இன்னும் இல்லை. ஒன்றில் விண்ணப்பத்தின் அச்சுப்படி கடைசித் தேதிக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. ஐந்தாண்டுக் கற்பித்தல் அனுபவத்துக்கு எனக்குச் சுழியம் போட்டிருந்தார்கள். காரணம், அனுபவச் சான்றிதழில் கல்லூரிக் கல்வி இணை இயக்குநரின் மேலொப்பம் இல்லை. கல்லூரி முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அறிவிப்பின் பதினேழாம் பக்கத்தில் அது எழுதியிருந்தது. தவறு என்னுடையதுதான்.

ஆனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்த மேலொப்பத்தை வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலிருந்தே வருடா வருடம் வாங்கிவந்திருக்கிறார். அவருடைய சித்தப்பா அரசுக் கல்லூரியில் பேராசிரியர். வீட்டில் சாப்பிடும்போது சொல்லிவிட்டார். என் வீட்டில் சாப்பிடும்போது மழையையும் அரிசி விலையையும் பேசுவோம். யாரும் என்னிடமிருந்து எதையும் மறைக்கவில்லை. அந்தத் தகவல் எங்கள் தெருப்பக்கம் வருவதற்கு வழியே இல்லை, அவ்வளவுதான். ஒரு தலைமுறை முன்னால் படித்தவர்களின் வீடுகளில் தண்ணீர்போல் கிடைக்கும் தகவலை நாம் ஒரு வேலையை இழந்து கற்றுக்கொள்கிறோம். தகுதி என்று பட்டியலில் அச்சாகும் எண்ணுக்குள் இதுவும் சேர்ந்துதான் இருக்கிறது.

சென்னையில் ஐடி நிறுவனத்தில் பத்தாண்டு வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியே வந்த நண்பர் ஒருவர் இதையே வேறு சொல்லில் சொன்னார். விண்ணப்பத்தை இணையத்தில் போட்டால் கிணற்றில் போட்ட கல். உள்ளே இருக்கும் ஒருவர் ‘ரெஃபரல்’ கொடுத்தால்தான் நகரும். அந்த ஒருவர் பெரும்பாலும் பள்ளித் தோழராக, அபார்ட்மெண்ட் பக்கத்து வீட்டுக்காரராக, ஒன்றுவிட்ட அண்ணனாக இருப்பார். “எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் எட்டுப் பேர். எட்டுப் பேரும் சென்ட்ரிங் வேலை” என்று சிரித்தார்.

மீதி மூன்று. இவற்றுக்குக் காரணம் இல்லை. ‘ஊர்லயா, காலனியிலயா’ என்று கேட்ட கல்லூரி ஒன்று. நேர்காணல் நான்கே நிமிடத்தில் முடிந்த இடம் ஒன்று. தகவல் உரிமை மனுவில் கேட்டபோது 20க்கு 6 என்று பதில் வந்தது. எதற்கு 6 என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்குக் கல்வி மதிப்பெண்கள் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும்தான். இறுதித் தேர்வு நேர்காணலை மட்டுமே வைத்து. இருபது ஆண்டுப் படிப்பை ஓர் அறையில் சில நிமிடங்கள் தாண்டிச் சென்றுவிடலாம் என்றால், அந்த நிமிடங்களில் என்ன நடந்தது என்று எழுதி வைக்கவேண்டாமா?

மூன்றாவது, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஒரே ஒரு பணியிடம். ஐந்து பேர் போயிருந்தோம். ஐவரும் நெட் அல்லது செட் தேர்ச்சி பெற்றவர்கள். இரண்டு பேர் முனைவர்கள். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து ஒருவர் தலைப்பை ஒருவர் கேட்டு, சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டோம். முடிவு வந்தது: ‘தகுதியானவர் எவரும் இல்லை’. அந்த ஐவரில் யாருக்குக் கிடைத்திருந்தாலும் நான் வாழ்த்தியிருப்பேன். யாருக்குமே இல்லை என்றபோதுதான் அது என்னைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்று புரிந்தது. ஒதுக்கப்பட்ட இடம் காலியாகவே இருந்தால் வகுப்பு நடக்காமலா இருக்கும்? அந்த வேலையைத் தொகுப்பூதியத்தில் ஒருவர் பார்ப்பார். அநேகமாக எங்கள் ஐவரில் ஒருவரே பார்க்கக்கூடும்.

இதில் இன்னொரு வெட்கமும் இருக்கிறது. பழைய கல்லூரியில் நெட் தேர்ச்சி பெற்றபோது சக ஆசிரியர் ஒருவர் சொன்னார்: “உங்களுக்கென்ன மேடம், கோட்டா இருக்கு, ஈஸியா போயிடுவீங்க.” இரண்டு ஆண்டு கழித்து அவரையே ஒரு கருத்தரங்கில் பார்த்தேன். “கோட்டா இருந்துமா கிடைக்கல?” வேலை கிடைத்தால் அது கோட்டா, கிடைக்காவிட்டால் கோட்டா இருந்தும் தேறாதவள். அப்பாவிடம் நான் சொன்ன பொய்க்குள் இந்த ஆளின் குரலும் இருந்தது என்பதை இப்போது பார்க்கிறேன்.

நிராகரிப்பைத் தாங்குவது எப்படி என்று யூடியூபில் நிறையப் பேர் பேசுகிறார்கள். மனதைத் தளரவிடாதே, இன்னும் முயற்சி செய், ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும். முயற்சிக்கும் விலை உண்டு என்பதை இவர்கள் சொல்வதில்லை. கட்டணச் சலுகை போக, நகல், ஸ்பைரல் பைண்டிங், பேருந்து, ரயில், விடுதி என்று இரண்டு ஆண்டில் நான் செலவழித்தது 23,000 ரூபாய்க்கு மேல். தம்பி கட்டிய சீட்டுப் பணம் அதில் பாதி. உதவித்தொகை இருந்தவரை இது தெரியவில்லை. விழுந்து எழுவதற்கு மெத்தை வைத்திருப்பவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் விழலாம். வேலை தேடுவதையே இரண்டு ஆண்டு வேலையாகச் செய்யமுடிகிறவர் யார் என்பதும் சாதியோடும் சொத்தோடும் சம்பந்தப்பட்ட கேள்விதான்.

முப்பதைத் தாண்டித் தேடும்போது இன்னொன்றும் சேர்கிறது. நாம் பாடம் நடத்திய பிள்ளைகள் அதே வரிசையில் நிற்கிறார்கள். ஒரு சான்றிதழ் சரிபார்ப்பில் பின்னாலிருந்து குரல் கேட்டது. “மேம், நீங்களுமா?” நான் இளங்கலை முதலாமாண்டு நடத்திய மாணவி. ஒரு கணம் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவள் கையிலிருந்த கோப்பைப் பார்த்தேன். அனுபவச் சான்றிதழில் மேலொப்பம் இல்லை. அன்றைக்கு நான் அவளுக்கு அதைச் சொன்னேன். அடுத்த விண்ணப்பத்துக்குள் அவள் வாங்கிவிட்டாள். என் ஒன்பது தோல்விகளில் ஒன்று இன்னொருத்தியின் கையில் உபயோகமான தகவலாக மாறியது அப்போதுதான். இப்போது நாங்கள் ஆறு பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். அறிவிப்பு வந்ததும் ஒருவர் முழுசாகப் படித்துச் சுருக்கம் போடுவார். நேர்காணலில் கேட்ட கேள்விகளை அன்றைக்கே எழுதி வைக்கிறோம், கேட்டவரின் தொனி உட்பட. தகவல் உரிமை மனுவின் மாதிரி ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. வீட்டில் சித்தப்பா இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் சித்தப்பாவாக இருக்கிறோம்.

இது போதுமா? போதாது. தனித்தனி நிராகரிப்பாகத் தெரிவது உண்மையில் ஒரு கணக்கு முறையாக இருக்கலாம். அதைத் தெருவில்தான் மாற்ற முடியும். இதற்கு நம் கண்முன்னே நடந்த உதாரணம், 13 புள்ளி ரோஸ்டர்.

ஒரு பல்கலைக்கழகத்தை மொத்தமாக ஓர் அலகாக எடுத்து இடஒதுக்கீட்டைக் கணக்கிடுவதற்குப் பதில், ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எடுக்கவேண்டும் என்று 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. அதையொட்டி 2018 மார்ச் 5 அன்று பல்கலைக்கழக மானியக் குழு ஆணை வெளியிட்டது. கேட்க ஏதோ நிர்வாக விஷயம்போல இருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு. 100ஐ 15ஆல் வகுத்தால் 6.66. ஆகவே ஏழாவது இடம்தான் முதல் பட்டியல் சாதி இடம். பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, ஆகவே பதினான்காவது இடம். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு, நான்காவது இடம். ஆறு உதவிப் பேராசிரியர்கள் மட்டுமே உள்ள ஒரு துறையில் பட்டியல் சாதிக்கு இடமே வராது. நம் நாட்டில் எத்தனை துறைகளில் பதினான்கு உதவிப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்? சட்டத்தில் இடஒதுக்கீடு அப்படியே இருக்கும். விளம்பரத்தில்தான் நம் இடம் இருக்காது.

அந்த ஓராண்டில் விளம்பரங்களைப் புரட்டிவிட்டு ‘நமக்கு நேரம் சரியில்லை’ என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? நேரம் ஒன்றும் செய்யவில்லை. வகுத்தல் கணக்கு செய்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை மாற்ற மறுத்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அமைப்புகளும் தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 5 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு. இரண்டு நாளில் அவசரச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அது நாடாளுமன்றத்தில் சட்டமானது. பல்கலைக்கழகமே மறுபடி அலகானது. அன்றைக்குக் கொடி பிடித்தவர்களில் பலர் அடுத்த விண்ணப்பத்தில் தேர்வாகியிருக்க மாட்டார்கள். ஆனால் விண்ணப்பிக்க ஓர் இடம் இருந்ததற்கு அவர்கள் காரணம்.

ஆகவே காரணம் கேட்பதை நாம் ஒரு பொதுக் கோரிக்கையாக்க வேண்டும். பொதுப் பணத்தில் இயங்கும் எந்தக் கல்வி நிறுவனமும், நேர்காணலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பிரிவு வாரியாக மதிப்பெண்ணைத் தானாகவே அனுப்பட்டும். நேர்காணல் ஒலிப்பதிவு செய்யப்படட்டும். ஒதுக்கப்பட்ட இடத்தில் ‘தகுதியானவர் இல்லை’ என்று எழுதினால், வந்திருந்த ஒவ்வொருவரும் ஏன் தகுதியில்லை என்பதைக் குழுவினர் கையெழுத்திட்டு எழுதட்டும். அனுபவச் சான்றிதழைக் கேட்ட இத்தனை நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று தனியார் கல்லூரிகளுக்கு விதி வரட்டும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் சொல்லியிருக்க, சமூகநீதி பேசும் நம் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில் 2024இல் அது 25,000, அதுவும் ஆண்டில் 11 மாதம் மட்டும் என்றிருந்தது ஏன் என்பதற்கும் காரணம் சொல்லப்படட்டும்.

இங்கே பாபாசாகேபின் வாழ்விலிருந்து ஒன்றை நினைவுபடுத்திக்கொள்கிறேன். 1917இல், கொலம்பியாவில் படித்துத் திரும்பிய 26 வயது அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலையில் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியொன்றில் இருந்தார். அவர் யாரென்று தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். ஊரில் வேறு எங்கும் இடம் கிடைக்காமல் வேலையை விட்டு பம்பாய் திரும்பினார். பிறகு அடுத்த ஆண்டு சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார் என்று சொல்லி, ‘பார், அவர் தளரவில்லை’ என்று கதையை முடிப்பது நம் மேடைகளில் வழக்கம். ஆனால் அவரே எழுதியதைப் படியுங்கள். 18 ஆண்டுகள் கழித்தும் அந்த நாளைக் கண்ணீரில்லாமல் நினைக்க முடியவில்லை என்கிறார். அவருக்கே ஆறவில்லை. ஆறாத ஒன்றை அவர் ஆண்டோடும் இடத்தோடும் எழுதி வைத்தார். அதனால்தான் அது அவருடைய சொந்த அவமானமாக அவரோடு முடியாமல் நம் கைக்கு ஆவணமாக வந்து சேர்ந்திருக்கிறது.

போன வாரம் ஊருக்குப் போனேன். அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். ஒன்பதையும் சொன்னேன். என் தவறுகளையும் சேர்த்துத்தான். அவர் நாற்பது ஆண்டு அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. தினமும் ஏற்றிய மூட்டைக் கணக்கை ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு வைத்திருப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“அந்த ஆறு மார்க்கு எதுக்குன்னு கேட்டியா?”

“கேட்டேன்ப்பா. சொல்லல.”

“கூலியில புடிச்சா நாங்க நோட்ட எடுத்துட்டுப் போய் நிப்போம். ஒருநாள் சொல்லமாட்டான். மறுநாளும் போய் நிப்போம்.”

இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் இருக்கிறது. அதில் 61 நாள் மீதி. மனுவை எழுதிவிட்டேன். பத்தாவது விண்ணப்பத்தையும் அதே உறைக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து அனுப்பியிருக்கிறேன். கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காவிட்டால் இந்த முறை அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுவேன். உங்களுக்கும் ஒன்பது இருக்கும், அல்லது பத்தொன்பது இருக்கும். ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள்.